துருத்தி இழுத்தவள்

அன்றைக்கு வேதக்கோயிலுக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், மகனே சாமுவேல். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது என்று சொல்லி நீ தப்பித்துக்கொள்ளக் கூடாது. பீடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் பாளையங்கோட்டை மிஷனிலிருந்து வந்த பெரிய பாதிரி அய்யர். அவருக்கு அடுத்த நாற்காலியில், பெண்பிள்ளைகள் போர்டிங்கைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா. நம்மூர் வெயிலில் மூக்கு சிவந்து தோல் உரிந்திருந்தது. வேதபுத்தக மேசையோரம் நம் ராஜபாளையம் சபையின் உபதேசியார் யோசேப்பு, உனக்கு ஆர்மோனியப் பெட்டி சொல்லிக்கொடுத்தவர். பெண்கள் பக்கத்தில் முதல் பாயில் உன் அப்பத்தா, அவருக்குப் பின்னால் நான். வாசற்படியோரம் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா. அவள் நம் வேதமில்லை, ராஜுக்கள் வீட்டுப் பெண், நீ வாசிப்பதைக் கேட்பதற்கென்றே வந்திருந்தாள். உன் அப்பா உள்ளே இல்லை. வெளியே பந்தலில் அசன விருந்துக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். நடுவில் பெட்டி. பெட்டிக்கு முன்னால் பதினோரு வயதில் நீ. பெட்டிக்குப் பின்னால், துருத்தி இழுத்துக் காற்றுப் போட, பதின்மூன்று வயதில் உன் அக்கா எஸ்தர். அறுப்பின் பண்டிகை ஞாயிறு. சபையார் கொண்டுவந்த கம்புக் கதிரும் பூசணிக்காயும் பீடத்தடியில் குவிந்து கிடந்தன. ஒரு ஆளையும் நான் விட்டுவிடவில்லை.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரர் வாசித்துக் காட்டவா என்றார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். ஞாயிறு பள்ளியில் வேதம் வாசிப்பதற்காகக் கற்றுக்கொண்ட எழுத்து எனக்குப் போதும். உன் மகள் லில்லிக்கு ஒன்பது வயதாகிறது, நீயே தினமும் பெட்டி சொல்லிக்கொடுக்கிறாய், அவளோ இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கல்லுப்போல உட்கார்ந்திருக்கிறாள், அடிக்கோலால் விரல் மேல் போட்டாய், விரல் வீங்கியும் அவள் ஒரு கட்டையை அமுக்கவில்லை என்று எழுதியிருந்தாய். நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து ஒரு வாரம் இருக்க வேண்டுமாம். சிறுவயதில் நீ தினமும் இரண்டு மணி நேரம் எப்படிப் பழகினாய் என்று என் வாயால் அவளிடம் சொல்ல வேண்டுமாம். நான் சொன்னால் அவள் நம்புவாளாம். நான் வரமாட்டேன். வருவதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். லில்லியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு எழுத்து விடாமல் உரக்க வாசி. உன் பெண்சாதியும் கேட்கட்டும்.

அந்தப் பெட்டி நம் வீட்டுக்கு ஏன் வந்தது என்பது உனக்கே சரியாகத் தெரியாது. உன் அப்பா பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற பருத்தி ஜின்னில் வேலை பார்த்தார். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம், இமை, காதுமயிர் எல்லாம் பஞ்சு ஒட்டி, முப்பது வயதில் எழுபது வயதுக் கிழவரைப் போல நிற்பார். வாசலில் நின்று செத்த நேரம் இருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். நீயோ அந்த மிஷின் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று ஜின் வாசலிலேயே கிடந்தாய். உன்னை அந்தத் தூசிக்குள் விடமாட்டேன் என்று நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். யோசேப்பு உபதேசியார்தான் வழி சொன்னார். பாளையங்கோட்டை மிஷன் போர்டிங்கில் ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளையைச் சும்மா சேர்த்துக்கொள்வார்கள், படிப்பு முடித்து வாத்தியார் ஆகலாம் என்றார். "ஆனா ஊருக்கு நாலு பேர் கேக்குதாங்கம்மா. பெட்டி வாசிக்கிற பயலா இருந்தா அய்யர் ரெண்டாவது பேச்சுப் பேச மாட்டாரு" என்றார். கோயில் பின்னறையில் எலி கடித்துக் கிடந்த பெட்டியை அவரே எடுத்துக் கொடுத்தார். ஜின் உருளையில் சுற்றுகிற தோலில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உன் அப்பா துருத்தியை ஒட்டினார். உள்ளே காற்றைத் தேக்கி வைக்கிற சுருள்வில் மட்டும் உடைந்தது உடைந்ததுதான். நல்ல பெட்டியில் இழுப்பதை நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் சத்தம் நிற்கும். இது கை நின்ற அந்த நொடியே ஊமையாகிவிடும்.

உபதேசியார் செவ்வாயும் வெள்ளியும் வருவார். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து விளக்கு ஏற்றும்வரை நீ பழக வேண்டும் என்று ஏற்பாடு. நீ பட்ட பாட்டை லில்லியிடம் சொல்லச் சொன்னாயே, சொல்கிறேன், அவளும் கேட்கட்டும். ஒரு நாள் "எம்மா, வயித்த வலிக்கி." மறுநாள் "வெரலுக்குள்ள நரம்பு இழுக்கு." அதற்கு மறுநாள் காது கேட்கவில்லை என்றாய், பணியாரம் சுட்டிருக்கிறேன் என்று அடுப்படியில் மெதுவாகச் சொன்னேன், ஓடி வந்தாய். ஒரு தடவை கருப்பட்டியை உடைத்துக் கட்டைகளின் சந்தில் போட்டுவிட்டாய். இரண்டு நாளில் எறும்பு புற்று வைத்ததுபோல் மொய்த்துவிட்டது. உபதேசியார் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏலே தம்பி, நீ வாசிக்காட்டாலும் ஒம் பெட்டி தன்னால நடந்து கோயிலுக்குப் போயிரும்போலயே" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்றைக்கே நான் உன் முதுகில் இரண்டு வைத்திருக்க வேண்டும். உன் அப்பத்தா விடவில்லை. "ஆம்பளப்புள்ள, அப்பிடித்தான் இருப்பான்" என்று உன் வாயில் அதே கருப்பட்டியில் ஒரு துண்டைப் போட்டார்.

ஆடி மாதத்தில் திடீரென்று நீ வாசிக்க ஆரம்பித்தாய். அடுப்படியில் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த என் கை தன்னால் நின்றது. தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த கீர்த்தனை ஒரே சீராக, மூச்சு விடுவதுபோல வந்தது. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் நீ வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன். தெருவெல்லாம் போய்ச் சொன்னேன். தண்ணீர்க் குடத்தோடு வந்த கிருஷ்ணம்மா நம் வீட்டு வாசலில் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பாள். "பாகுந்தி, ரொம்ப நல்லாருக்கு. தம்பி கையில சாமி வந்துருச்சு" என்பாள். ஒன்றரை மாதம் அந்தப் பெருமையில் எனக்குப் பசிகூடத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு நாள் அம்மியைக் கழுவிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அரைக்கிற சத்தம் இல்லாததால் பாட்டுக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. கண்ணாடி வளையல் சத்தம். துருத்தி போய் வரும்போதெல்லாம் கிலுங் கிலுங் என்று. உள்ளே போய்ப் பார்த்தேன். எஸ்தர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் துருத்தி போட்டு, ஒரு கையால் வாசித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். சத்தம் சட்டென்று அறுந்தது.

"எங்கட்டி அவன்?"

"கம்மாய்க்குப் போயிருக்கான்ம்மா. கெளுத்தி பிடிக்க."

"எம்புட்டு நாளா நடக்கு இது?"

"ஆடி பொறந்ததுல இருந்து. பாடத்தை எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருவான். அவன் தப்புத் தப்பாத்தான் சொல்லுதான். உபதேசியாரு வாரப்ப கதவுப்பக்கம் நின்னு கேட்டுச் சரி பண்ணிக்கிடுவேன்."

அகப்பைக் காம்பால் அவளை அடித்தேன். எதற்கு அடித்தேன் என்று இருபது வருடமாக யோசிக்கிறேன். நன்றாக வாசித்ததற்கு அடித்தேன். நான் தெருவெல்லாம் சொல்லி வைத்த பொய்க்கு அடித்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் நீ நான்கு கெளுத்தியைப் பனைநாரில் கோத்துக்கொண்டு வந்தாய். உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மீனைக் குழம்பு வைத்தேன். எஸ்தரும் சாப்பிட்டாள், கை வீங்கியிருந்ததால் இடது கையால். அப்பத்தா அதற்கும் வைதார்.

மறுநாள் பெட்டி பேசவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கிருஷ்ணம்மா குடத்தோடு வந்து நின்று, "ஏம்மா, தம்பிக்கு மேலுக்குச் சொகமில்லயா?" என்றாள். "நாளைக்கு வாசிப்பான்" என்றேன். உள்ளே போய் எஸ்தரைக் கூப்பிட்டு, விளக்கெண்ணெய் தடவி அவள் கையிலிருந்த ஆறு சிவப்பு வளையலையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். "இனிமே நீயே வாசி. பெட்டிச் சத்தம் தெருவுக்குக் கேக்கணும். ஒஞ் சத்தம் கேக்கக் கூடாது" என்றேன். அப்பத்தா பார்த்துவிட்டு, "என்னத்துக்கு வயசுக்கு வந்த புள்ள கையை மொட்டையாக்குத?" என்று கேட்டார். "அம்மியில அரைக்க எடஞ்சலா இருக்கு, அத்தை" என்றேன். உன்னுடைய பொய் வெறும் சோம்பேறித்தனம். என்னுடையது அப்படி இல்லை, எண்ணெய் தடவி, யோசித்து, நிதானமாகச் செய்தது. இதையும் லில்லிக்கு வாசி.

பண்டிகை நெருங்கியது. பெரிய அய்யர் வந்து பையன்களைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்தது. உன்னை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். ஒரு பாட்டில் நான்கு இடத்தில் விழுந்தாய். நீ அழுதாய், நானும் அழுதேன். எஸ்தர்தான் சொன்னாள். "அழாதீங்கம்மா. கோயில்ல அவன் ரெண்டு கையாலயும் வாசிக்கட்டும். நான் பொறத்தால இருந்து காத்துப் போடுதேன். அவன் தப்பா அமுக்கப் போற எடம் எனக்குத் தெரியும். அந்த எடத்துல காத்தை நிறுத்திருவேன். தப்பு வெளிய வராது." அவளை அடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த வாயால்தான் இதைச் சொன்னாள்.

அப்படியே செய்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ நான்கு இடத்தில் தப்பாக அமுக்கினாய். நான்கு இடத்திலும் பெட்டி ஒரு நொடி மூச்சைப் பிடித்தது. சபையாரின் பாட்டு அந்தச் சந்தை நிரப்பிக்கொண்டு போனது. அய்யர் கண்ணை மூடித் தலையாட்டினார். வெளியே உன் அப்பா கரண்டியைப் பிடித்தபடியே அழுததாகப் பிறகு சொன்னார்கள். ஆராதனை முடிந்து அய்யர் உன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தபோது, அந்த மிஸ்ஸியம்மா எழுந்து உன்னைத் தாண்டிப் போனாள். எஸ்தருக்கு முன்னால் போய்க் குனிந்தாள். துருத்தி இழுக்காத கையின் விரல்களைப் பெட்டியின் பக்கப் பலகையில் எஸ்தர் பாட்டு முழுக்க அசைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வெள்ளைக்காரி அதைப் பார்த்துவிட்டாள்.

"இந்தப் பெண்பிள்ளையும் வாசிப்பாளோ?" என்று புத்தகத் தமிழில் கேட்டாள். "வாசிப்பாளானால் நான் கேட்க விரும்புகிறேன். ஒரு வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைத்தான் எடுப்போம். யாருடைய பேர் என்று இன்னும் எழுதவில்லை."

யோசேப்பு உபதேசியார் வேதபுத்தகத்தைத் தேவையில்லாமல் மூடி, மறுபடி திறந்தார். அப்பத்தா, "என்னட்டி கேக்கா இவ?" என்று என்னைத் தோண்டினார். நீதான் வாயைத் திறந்தாய். "அக்காவுக்குக் காத்துப் போட மட்டுந்தான் தெரியும், மிஸ்ஸியம்மா" என்றாய். அவள் உன்னைப் பார்க்கவில்லை, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்படியா, அம்மா?" என்று கேட்டாள். எஸ்தரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உன் அப்பாவின் இமையில் ஒட்டிய பஞ்சு கண்ணுக்கு முன்னால் வந்தது. "ஆமா" என்றேன்.

உன் பெயரை எழுதினார்கள். கிருஷ்ணம்மா அசனச் சாப்பாடு சாப்பிடாமலேயே வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நம் வாசலில் அவள் குடத்தை இறக்கியதே இல்லை. வளையல் சத்தத்தை அவள் எனக்கு முன்னாலேயே கேட்டிருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன்.

நீ போர்டிங்குக்குப் போன வாரமே, "பய போயிட்டான், இனிப் பெட்டி எதுக்கு" என்று உன் அப்பா அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு கோயிலில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். உண்மை தெரியாத மனிதர், அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எஸ்தர் பின்னாலேயே வாசல்வரை வந்து, "ஒரு பாட்டு வாசிச்சுட்டுத் தரட்டுமாப்பா?" என்றாள். அவர் இறக்கத்தான் போனார். நான், "நேரமாச்சு, கொண்டு போங்க" என்றேன். நேரம் ஒன்றும் ஆகவில்லை. அவள் வாசித்தால் நான் தாங்கமாட்டேன், அதுதான். ஆடி வந்ததும் அவளை ஜின் முற்றத்தில் பருத்தி பொறுக்க அனுப்பினேன். உன்னை எந்தத் தூசியிலிருந்து எடுத்தேனோ அந்தத் தூசியிலேயே அவளைக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு வருடம். பிறகு செட்டியார்பட்டியில் தறி போடுகிற வீட்டில் கட்டிக்கொடுத்தேன். ஐந்து பிள்ளை. அப்பாவுடைய இருமல் இப்போது அவளிடம் இருக்கிறது. நீ மார்கழியில் போய்ப் பார்த்தபோது, பனிக்குப் பிடித்திருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தாயாமே.

யோசேப்பு உபதேசியார் மாற்றலாகிப் போவதற்கு முந்தின நாள் என்னைப் பார்க்க வந்தார். "காத்து நின்ன எடமெல்லாம் எனக்குத் தெரியுங்கம்மா. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க சொல்லல. பொறவு நான் எப்பிடிச் சொல்ல?" என்றார். நல்ல மனிதர்கள் இப்படித்தான் பாரத்தைப் பெற்றவள் தலையில் ஏற்றிவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள். பத்து வருடம் அவரைச் சபித்தேன். அவர் செத்த செய்தி வந்த அன்றைக்கு விட்டுவிட்டேன். உன் அப்பத்தாவையும் விட்டுவிட்டேன். கடைசி மூன்று மாதம் நான்தான் கழுவித் துடைத்தேன், அதற்குமேல் என்ன பகை வைத்துக்கொள்வது. என்னை மன்னிக்க வேண்டியவள் செட்டியார்பட்டியில் இருக்கிறாள். அதை நான் அவளிடம் கேட்டதுமில்லை, கேட்கப்போவதுமில்லை.

ஆனால் சனிக்கிழமை உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசித்தேன், அவள் சுற்றிக்கொண்டே கேட்டாள். லில்லி விரலில் அடித்த இடம் வந்ததும் ராட்டை நின்றது. கடைசியில் நீ எழுதியிருந்ததையும் வாசித்தேன். நீ எழுதியதை உனக்கே திருப்பி எழுதுகிறேன்: ‘எஸ்தர் அக்காவைப் பாருங்கள். ஒரு சுரம் தெரியாது. ஆனாலும் எனக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்து காற்றுப் போட்டாள். வாசிக்க வராவிட்டாலும் அந்தப் பொறுமையாவது உனக்கு வேண்டும் என்று லில்லிக்குத் தினமும் சொல்கிறேன்.’

எஸ்தர் இருமி முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். "அவன் அப்ப சின்னப்புள்ளம்மா" என்றாள்.

"இப்ப?" என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள கையில அடிக்க வேண்டாம்னு மட்டும் எழுதுங்க. வேற ஒண்ணும் எழுத வேண்டாம்" என்றாள். மறுபடி ராட்டையைச் சுற்றினாள்.

அவள் சொன்னதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன். லில்லியின் கையில் அடிக்காதே. அவள் பெட்டிக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அது உன்னைவிட யோக்கியம். வாசிக்கப் பிடிக்கவில்லை என்று உன் முகத்துக்கு நேராகக் காட்டுகிறாள், வேறு ஒருத்தியை உட்காரவைத்துவிட்டு மீன் பிடிக்கப் போகவில்லை. அவளுக்கு வேண்டாமென்றால் மூடியை மூடிவிடு. இந்தக் கடிதத்தை நீ அவளுக்கு வாசிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தால், அடுத்த ஞாயிறு பஸ் ஏறி வந்து, உங்கள் கோயில் வாசலில் ஆராதனை விட்டு வருகிறவர்களுக்கு நடுவில் நின்று நானே வாசிப்பேன். எனக்கு வெட்கமெல்லாம் தீர்ந்துபோயிற்று.

வெள்ளைக்காரிக்கு முன்னால் வாயைத் திறந்த அந்தப் பதினோரு வயதுப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குப் பயம். போர்டிங்குக்குப் போனால் பெட்டிப் பாடத்திலிருந்து தப்பிக்கலாம் என்றுகூட நினைத்திருப்பான். அவனுக்கு நான் மறுநாளே பணியாரம் சுட்டுக் கொடுத்தேன். ஆனால் முப்பது வயது தாண்டி, தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து, பேனாவில் மை தொட்டு, ‘அவளுக்கு ஒரு சுரம் தெரியாது’ என்று எழுதியவர் ஒருவர் இருக்கிறார். அதைத் தினமும் ஒரு பிள்ளையின் காதில் ஓதுகிறவரும் அவர்தான். அவரை யாரும் பயமுறுத்தவில்லை. அவருக்கு எதுவும் பறிபோகப் போவதுமில்லை. போர்டிங்கில் பழகித் தேறி, இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் பெட்டி வாசிக்கிறவர் என்று ஊரெல்லாம் மரியாதை. நான் பெற்ற பிள்ளைதான். சாகும்வரை மன்னிக்கமாட்டேன், அந்தச் சாமுவேல் வாத்தியாரை.